சென்னையிலிருந்து குறுகிய காலப் பயணம்: யாருக்கு எந்த விசா?

"எந்த நாட்டுக்கு விசா ஈசியாகக் கிடைக்கும்?" என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். ஒரே நாட்டுக்குள்ளேயே மூன்று நான்கு வகை விசா இருக்கும்போது இந்தக் கேள்வி எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது. தப்பான வகையில் விண்ணப்பித்தால் கட்டிய பணம் திரும்ப வராது. மறுப்பு என்ற பதிவும் நின்றுவிடும், அடுத்து எந்த நாட்டின் படிவத்தை நிரப்பினாலும் "இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா?" என்று கேட்பார்கள், மறைக்கவும் கூடாது.

அதனால் நாட்டைப் பற்றி யோசிக்கும் முன் நான்கு விவரங்களை ஒரு தாளில் எழுதுங்கள். எதற்காகப் போகிறீர்கள்? எத்தனை நாள் தங்குவீர்கள்? அந்த எல்லைக்குள் எத்தனை முறை நுழைவீர்கள்? எந்த ஊரில் விமானம் மாறுவீர்கள்? இவற்றோடு, புறப்பட இன்னும் எத்தனை வாரம் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும். கீழே உள்ள கட்டணங்களும் நாள் கணக்கும் மாறக்கூடியவை. பணம் கட்டும் அன்று அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதத்துக்குள் கிளம்ப வேண்டுமா?

அப்படியானால் கிழக்குப் பக்கம் பாருங்கள். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா விலக்கு தருகிறது. 2026 டிசம்பர் 31 வரை அதை நீட்டித்திருக்கிறார்கள். தாய்லாந்து 2024 ஜூலை 15 முதல் 60 நாள் விலக்கு கொடுத்தது. இந்தக் கால அளவைக் குறைப்பது பற்றி அங்கே பேச்சு ஓடிக்கொண்டே இருப்பதால், டிக்கெட் போடும் முன் பார்த்துவிடுவது நல்லது. இரண்டு நாடுகளுக்குமே தரையிறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை.

விசா விலக்கு என்றால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று அர்த்தமில்லை. திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் முன்பதிவு, செலவுக்குப் பணம் மூன்றையும் இமிக்ரேஷன் அதிகாரி கேட்கலாம். இல்லையென்றால் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பலாம். அதற்கும் முன்னால், மீனம்பாக்கத்திலேயே விமான நிறுவனத்தின் கவுன்டரில் போர்டிங் பாஸ் தராமல் நிறுத்திவிடுவார்கள். இந்த மூன்றையும் போனில் மட்டும் வைக்காமல் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் காலாவதி பாக்கி இருக்க வேண்டும்.

சிங்கப்பூருக்கு விசா தேவை. அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் வழியாகத்தான் போக வேண்டியிருக்கும். அவர்களின் சேவைக் கட்டணம் தனி. ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் வந்துவிடும். விசா எத்தனை காலத்துக்குச் செல்லுபடியாக இருந்தாலும், ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை நுழையும்போது மின்னஞ்சலில் வரும் பாஸ்தான் சொல்லும். சிங்கப்பூரில் தங்கிவிட்டு பக்கத்திலிருக்கும் மலேசிய ஊரான ஜோகூர் பாருவுக்குப் போய்த் திரும்புவது இரண்டாவது நுழைவு. உங்கள் விசாவில் பலமுறை நுழைய அனுமதி இருக்கிறதா என்று பார்க்காமல் அந்தப் பேருந்தில் ஏறாதீர்கள்.

அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா போன்ற சில நாடுகளின் விசா வைத்திருப்பவர்களுக்குச் சிங்கப்பூர் 96 மணி நேர விசாயில்லா இடைத்தங்கல் வசதி தருகிறது. மூன்றாவது நாடு ஒன்றுக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோதான் அது செல்லும். சென்னை, சிங்கப்பூர், சிட்னி என்றால் சரி. அமெரிக்க விசா கையில் இருக்கிறது என்பதற்காகச் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய் அப்படியே சென்னை திரும்ப அது பயன்படாது.

வியட்நாமின் இ-விசா 90 நாள் வரை தருகிறது: ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறைக்கு 50. பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். விசா தொடங்கும் தேதிக்கு ஒரு நாள் முன்னால் இறங்கினாலும் உள்ளே விட மாட்டார்கள். நள்ளிரவு விமானம் பிடிப்பவர்கள் இந்தத் தேதியில்தான் தடுமாறுகிறார்கள். பாலிக்குப் போனால் இறங்கியபின் 5,00,000 ரூபியா கட்டி 30 நாள் விசா வாங்கலாம், ஒருமுறை இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம். இலங்கைக்கு இணையத்தில் இ.டி.ஏ. (மின்னணுப் பயண அனுமதி) எடுத்தால் 30 நாள். துபாய்க்கு 30 நாள், 60 நாள் சுற்றுலா விசாக்கள் உண்டு. செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருப்பவர்கள் இறங்கியதும் 14 நாள் விசா பெறலாம். தேதி தாண்டித் தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம்.

மூன்று வாரமே இருக்கிறது, வீட்டில் சிறு பிள்ளைகளும் வயதானவர்களும் உண்டு என்றால் மலேசியாவைத்தான் சொல்வோம். விசாக் கட்டணம் இல்லை, ஆவணம் குறைவு, நேரடி விமானமும் இருக்கிறது.

ஐரோப்பா மட்டுமா, லண்டனும் சேர்த்தா?

ஷெங்கன் விசா ஒன்று ஐரோப்பாவின் 29 நாடுகளுக்குப் போதும். பிரிட்டனும் அயர்லாந்தும் அதில் இல்லை. "யூரோப் டூர்" என்று மொத்தமாகச் சொல்லும்போது பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

ஷெங்கன் கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 45, அதற்கும் சிறியவர்களுக்கு இல்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்கும் குறைவாக இருக்கும்போது கூடாது. முடிவு சொல்ல 15 நாள் என்பது சட்டம். கூடுதல் ஆய்வு தேவைப்பட்டால் 45 நாள் வரை போகலாம். உண்மையில் நேரத்தைத் தின்பது அந்த 15 நாள் அல்ல, விண்ணப்ப மையத்தில் ஸ்லாட் கிடைப்பதுதான். கோடை விடுமுறைக்குப் போவதென்றால் ஜனவரியிலேயே ஸ்லாட் தேட ஆரம்பியுங்கள்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது? அதிக நாள் தங்கும் நாட்டிடம். நாள்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். பாரிஸில் மூன்று இரவு, சுவிட்சர்லாந்தில் நான்கு, ரோமில் மூன்று என்றால் சுவிட்சர்லாந்துதான். ஸ்லாட் சீக்கிரம் கிடைக்கிறது என்பதற்காக வேறொரு நாட்டில் ஆறு இரவு ஹோட்டல் பதிவு செய்து காட்டி, விசா வந்ததும் ரத்து செய்யும் வழக்கம் இருக்கிறது. செய்யாதீர்கள். எல்லையில் பயணத் திட்டத்தைக் கேட்டு, அது விண்ணப்பத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் விசாவையே ரத்து செய்யும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு.

லண்டனைச் சேர்த்தால் கணக்கு மாறுகிறது. பிரிட்டனின் ஆறு மாத விசிட்டர் விசா 2025 ஏப்ரலில் 127 பவுண்டாக உயர்ந்தது. குழந்தைக்கும் அதே கட்டணம்தான். அந்தக் கட்டணத்தில் நான்கு பேர் குடும்பத்துக்கு 508 பவுண்ட் ஆனது. மூன்று நாள் லண்டனுக்காக இதைக் கட்டுவது எங்கள் கணக்கில் நியாயப்படவில்லை. லண்டனில் ஒரு வாரமாவது தங்கினால், அல்லது அங்கே உறவினர் இருந்தால் யோசிக்கலாம். பிரிட்டனில் 2, 5, 10 ஆண்டு விசாக்களும் உண்டு. கட்டணம் பல மடங்கு. ஒவ்வொரு வருகையும் ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. பத்தாண்டுக்குக் கட்டியும் குறைந்த காலத்துக்கே அவர்கள் தரலாம், மிச்சத் தொகை திரும்பி வராது. பிள்ளை அங்கே நிலையாகக் குடியேறியிருந்தால், முதல் முறை ஆறு மாத விசாவில் போய் ஒழுங்காகத் திரும்பி வந்துவிட்டு, அடுத்து நீண்ட கால விசாவுக்குக் கேட்பதே பாதுகாப்பு.

இரண்டையும் சேர்த்துப் போகத் தீர்மானித்தால் ஊர்களின் வரிசை முக்கியம். பாரிஸ், லண்டன், ஆம்ஸ்டர்டாம் என்று போனால் ஷெங்கனுக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். கையில் ஒருமுறை மட்டும் நுழையும் விசா இருந்தால் லண்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குப் போக முடியாது. லண்டனை முதலிலோ கடைசியிலோ வைத்துவிட்டால் இந்தச் சிக்கலே வராது. ஷெங்கன் விண்ணப்பம் முடிவாகும் வரை பாஸ்போர்ட் பெரும்பாலும் அவர்களிடமே இருக்கும். இரண்டு விண்ணப்பத்தையும் ஒரே வாரத்தில் போட முடியாது. பிரிட்டனுக்குப் பயணத்துக்கு மூன்று மாதம் முன்புதான் விண்ணப்பிக்க முடியும், வழக்கமாக மூன்று வாரம் ஆகும். எனவே மூன்று மாதம் இருக்கும்போது பிரிட்டன், அது வந்ததும் ஷெங்கன் என்று வையுங்கள். இரண்டாவதற்கான ஸ்லாட்டை முன்கூட்டியே பிடித்துவிட வேண்டும்.

90 நாள் விதியையும் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் ஷெங்கனுக்குள் இருக்கக் கூடாது. வரும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். மார்ச் 1 அன்று போய் மே 29 அன்று கிளம்பினால் 90 நாள் தீர்ந்தது. மறுபடி உள்ளே போக முதல் நாள் ஆகஸ்ட் 28. விசா ஐந்தாண்டுக்கு இருந்தாலும் இதே கணக்குதான். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுத்துப் பதியும் முறையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். மங்கிய முத்திரையை நம்பி ஒரு நாள் இரண்டு நாள் கூடுதலாக இருக்கும் காலம் முடிந்தது.

அடிக்கடி போகிறவர்களுக்கு நல்ல செய்தி ஒன்று உண்டு. 2024 ஏப்ரலில் வந்த விதிப்படி, முந்தைய மூன்றாண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களை ஒழுங்காகப் பயன்படுத்திய இந்தியருக்கு இரண்டாண்டு பலமுறை விசா கிடைக்கலாம், அதன்பின் ஐந்தாண்டு. பாஸ்போர்ட்டில் அத்தனை காலம் பாக்கி இருக்க வேண்டும். காலாவதி நெருங்கும் பாஸ்போர்ட்டோடு போய் இந்த வாய்ப்பை இழக்காதீர்கள், முதலில் புதுப்பியுங்கள்.

விமானம் மாறும் ஊர்

டிக்கெட் விலையைப் பார்த்து வழியை முடிவு செய்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. அமெரிக்காவில் விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் விமானம் மாறுவதற்கும் விசா வேண்டும். லண்டன் வழியாகப் பாரிஸ் போகும் இந்தியருக்குச் சாதாரண ஷெங்கன் விசா மட்டும் போதாது, பிரிட்டனின் இடைவழி விசாவும் தேவைப்படும். அதே பாரிஸுக்கு துபாய், தோஹா வழியாகப் போனால் ஒரே டிக்கெட்டில் இந்தப் பிரச்சினை இல்லை. இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்திருந்தால் நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய நாட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கும். அப்போது அந்த நாட்டின் விசா கேட்பார்கள். ஷெங்கனுக்குள் இரண்டு விமான நிலையங்களில் மாறி அமெரிக்கா போகிறவர்களுக்கும் இதே கதைதான்: முதல் ஊரிலிருந்து இரண்டாவது ஊருக்குப் போவது உள்நாட்டு விமானம் போல, அதற்கு ஷெங்கன் விசா இல்லாமல் முடியாது. ஐந்தாயிரம் ரூபாய் மிச்சம் என்று எடுத்த டிக்கெட்டால் இரண்டாவது விசாவுக்குச் செலவு செய்வது வீண்.

மகனையோ மகளையோ பார்க்கப் போகும் பெற்றோர்

அமெரிக்காவுக்கு பி1/பி2 (அலுவல், சுற்றுலா வருகைக்கான விசா). விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். டிஎஸ்-160 படிவம் நிரப்பி, ஒரு நாள் கைரேகை, இன்னொரு நாள் அண்ணா சாலையில் ஜெமினி பாலத்தை ஒட்டிய துணைத் தூதரகத்தில் நேர்காணல். முதல்முறை விண்ணப்பிப்பவருக்கு நேர்காணல் தேதி மாதக்கணக்கில் தள்ளிப் போகலாம். அதனால் பயணத் தேதியை முதலில் வைத்து விசாவைத் தேடாமல், தேதி கிடைத்தபின் பயணத்தை வையுங்கள். விமான டிக்கெட் எடுத்துக்கொண்டு போக வேண்டிய அவசியமே இல்லை.

நேர்காணல் சில நிமிடங்கள்தான். கட்டுக்கட்டாக எடுத்துப்போகும் ஆவணங்களைப் பெரும்பாலும் பார்க்கவே மாட்டார்கள். படிவத்தில் எழுதியதும் வாயால் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ஏஜென்ட் நிரப்பிய படிவத்தைப் படிக்காமலேயே போகும் பெற்றோர் இங்கேதான் சறுக்குகிறார்கள். மகன் எந்த ஊரில், என்ன வேலையில், எந்த விசாவில் இருக்கிறார், நீங்கள் எத்தனை நாள் தங்குவீர்கள், இங்கே திரும்பி வர என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். தமிழிலேயே பதில் சொல்லலாம். அரைகுறை ஆங்கிலத்தில் தடுமாறுவதைவிட அதுவே நல்லது. திரும்பி வருவீர்கள் என்று நம்பிக்கை வரவில்லை என்று 214(பி) என்ற சட்டப் பிரிவில் மறுத்தால் மேல்முறையீடு இல்லை. சூழ்நிலை மாறியபின் புதிதாகக் கட்டணம் கட்டி விண்ணப்பிப்பதுதான் வழி.

விசா கிடைத்தால் பெரும்பாலும் பத்தாண்டுக்கு. ஆனால் விசா என்பது வாசலில் நின்று கதவைத் தட்டும் உரிமைதான். உள்ளே எத்தனை நாள் என்பதை அங்கே இறங்கும்போது ஐ-94 என்ற வருகைப் பதிவு சொல்லும், வழக்கமாக ஆறு மாதம். ஒவ்வொரு முறையும் ஆறு மாதம் முழுக்க இருந்துவிட்டு, சென்னையில் ஓரிரு மாதம் தங்கித் திரும்பவும் போனால், அங்கேயே குடியிருப்பதாக எடுத்துக்கொள்வார்கள்.

கனடாவில் இரண்டு வழி. சாதாரண விசிட்டர் விசா 100 கனடா டாலர், பயோமெட்ரிக்குக்கு (கைரேகை, முகப்படம்) 85. ஒரு வருகைக்கு வழக்கமாக ஆறு மாதம். மற்றொன்று சூப்பர் விசா. பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் மட்டும் உள்ளது. ஒரே வருகையில் ஐந்தாண்டு வரை தங்கலாம். அதற்கு மருத்துவப் பரிசோதனை, அங்கே இருக்கும் பிள்ளைக்குக் குறிப்பிட்ட அளவு வருமானம், ஓராண்டுக்குக் குறைந்தது 1,00,000 கனடா டாலர் மருத்துவக் காப்பீடு வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருக்கும் எழுபது வயதுக்காரருக்கு அந்தக் காப்பீட்டுப் பிரீமியம்தான் பெரிய செலவு. நான்கைந்து மாதம் மட்டும் இருந்துவிட்டு வருவதாக இருந்தால் சாதாரண விசாவே போதும். ஒரு வருடம் தங்கும் எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும் சூப்பர் விசா.

ஆஸ்திரேலியாவின் 600 வகை விசா முழுக்க இணையத்தில். பாஸ்போர்ட்டைக் கையை விட்டுக் கொடுக்க வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி. மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதத்துக்குக் கொடுப்பார்கள். இதில் சுற்றுலாப் பிரிவும், அங்கிருக்கும் பிள்ளை பொறுப்பேற்கும் பிரிவும் தனித்தனி. இரண்டாவதில் பிள்ளையிடம் வைப்புத்தொகை கேட்கலாம். வருமான ஆவணங்கள் சரியாக இருப்பவர்கள் முதலில் சுற்றுலாப் பிரிவில் முயல்வதே மேல். விசா கடிதத்தில் 8503 என்ற நிபந்தனை இருந்தால் அங்கே போய் நீட்டிக்க முடியாது என்று பொருள். டிக்கெட் போடும் முன் பார்த்துவிடுங்கள்.

மகளின் பிரசவத்துக்கு உதவப் போவதை மறைக்கத் தேவையில்லை. "பேரக்குழந்தையைப் பார்க்கவும் மகளுடன் இருக்கவும் போகிறோம்" என்பது உண்மை, ஏற்கக்கூடிய காரணமும் கூட. "பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அதனால் ஆறு மாதம் இருப்போம்" என்று எழுதினால் அதையே வேலையாகப் பார்க்கும் அபாயம் இருக்கிறது.

அலுவலக விஷயமாகப் போகிறவர்களுக்கு ஒரே வரி: கூட்டம், கருத்தரங்கு, ஒப்பந்தப் பேச்சு ஆகியவற்றுக்கு பி1 அல்லது பிசினஸ் விசா சரி, வாடிக்கையாளர் அலுவலகத்தில் உட்கார்ந்து புராஜெக்ட் வேலை பார்ப்பதற்கு இவற்றில் எதுவும் சரியல்ல, மேலாளர் என்ன சொன்னாலும்.

பெயரும் பணமும்

நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள சிக்கல், இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்து, ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் துபாய் சுற்றுலா விசாவில் தடை வரும். 2022 நவம்பரில் அந்த விதி வந்தது. அமெரிக்கப் படிவத்தில் அந்த ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, மற்றக் கட்டத்தில் எஃப்என்யு (FNU, 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம்) என்று நிரப்ப வேண்டும். விமான நிறுவனமோ அதே பெயரை இரண்டு முறை அடிக்கச் சொல்லும். இதற்கெல்லாம் நிரந்தரத் தீர்வு, அடுத்த முறை புதுப்பிக்கும்போது அப்பா பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயராக விரித்து எழுதுவதுதான். சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் சேவா கேந்திராக்களில் இதைச் செய்யலாம். விசா எடுத்தபின் செய்யாதீர்கள். எடுக்கும் முன் செய்யுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை "கணக்கில் இத்தனை லட்சம் இருந்தால் போதும்" என்ற மந்திர எண் கிடையாது. பயணச் செலவு, மாத வருமானம், இருப்பு மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஆறு மாதமாக நாற்பதாயிரத்தில் ஓடிய கணக்கில் விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன் நான்கு லட்சம் வந்து உட்கார்ந்தால், அது கடன் வாங்கிக் காட்டிய பணம் என்றே எண்ணுவார்கள். சீட்டு எடுத்த பணமோ, நிலம் விற்ற பணமோ, முதிர்ந்த வைப்புநிதியோ என்றால் அதற்கான ரசீதை வைத்துக் கவரிங் லெட்டரில் ஒரு வரி எழுதுங்கள். வங்கி முத்திரையிட்ட ஸ்டேட்மென்ட், மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு, அலுவலக விடுப்புக் கடிதம் போதும். பட்டாவையும் திருமணச் சான்றையும் தமிழில் மட்டும் வைக்காமல் ஆங்கில மொழிபெயர்ப்போடு வையுங்கள். ஷெங்கனுக்கு 30,000 யூரோ காப்பீடு கட்டாயம். அமெரிக்காவுக்குக் கட்டாயமில்லை, ஆனால் எடுக்காமல் போகக் கூடாது.

ஏஜென்ட் போலி டிக்கெட்டோ, போலி வேலைக் கடிதமோ சேர்த்தாலும் கையெழுத்து உங்களுடையது. பொய் ஆவணம் பிடிபட்டால் பிரிட்டனில் பத்தாண்டும் கனடாவில் ஐந்தாண்டும் தடை வரும். அமெரிக்காவில் நிரந்தரமாகவே வரலாம். சமர்ப்பித்த படிவத்தின் நகலை ஏஜென்டிடமிருந்து கேட்டு வாங்கி, வரிவரியாகப் படியுங்கள்.

பாஸ்போர்ட் திரும்பி வந்ததும் ஸ்டிக்கரில் ஐந்தைப் பாருங்கள்: பெயரின் எழுத்து, பாஸ்போர்ட் எண், தொடங்கும் தேதி, முடியும் தேதி, நுழைவு எண்ணிக்கை. ஷெங்கனில் தங்கும் நாள்களின் எண்ணிக்கை தனியாக அச்சிட்டிருக்கும். தேதிகளுக்கு இடையே 30 நாள் இருந்தாலும் அங்கே 15 என்று இருந்தால் 15 நாள்தான். பிழை இருந்தால் அன்றே விண்ணப்ப மையத்துக்குத் தெரிவியுங்கள். விமான நிலையத்தில் அதைத் திருத்த யாராலும் முடியாது.